இடுப்பு வலியின் பேரில் ஒரு குவார்ட்டர்

ஆந்திரத்து நாகலாபுரத்திலிருந்து தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டை போகும் சாலையில், பொழுது சாய்ந்தபின் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சு காதில் விழும். பகலெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றியவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறுகையால் பீடியைப் பற்றவைத்தபடி சொல்வார்: "நான் இன்னா ஆசைக்கா குடிக்கிறேன்? உடம்பு வலிக்குத்தாண்ணா." கேட்கிறவர் தலையாட்டுவார். இந்த எல்லையோர ஊர்களில் தெலுங்கும் தமிழும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகின்றன. எதில் சொன்னாலும் பேச்சு ஒன்றுதான், தலையாட்டலும் ஒன்றுதான்.

குடிக்கிறவர் மட்டும் இதைச் சொன்னால் விட்டுவிடலாம். வேலை வாங்கும் மேஸ்திரி சொல்கிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வியாபாரி சொல்கிறார். "பாவம், உழைக்கிற உடம்பு, ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் காலையில எழுந்திருக்கும்" என்று ஏழைகள்மேல் பரிவுள்ள படித்தவர்களும் சொல்கிறார்கள். பரிவின் குரலில் வருவதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் மருத்துவ உலகம் இதுவரை சேர்த்துவைத்திருக்கும் சான்றுகளுக்கு முன்னால் நிறுத்தினால் இந்த வாதத்தில் பாதி பொய். மீதிப் பாதி, ஆளை ஏமாற்றப் போதுமான அளவுக்கு மட்டும் உண்மை.

முதலில் ஓர் எளிய கேள்வி. வலிதான் காரணம் என்றால் சாராயக் கடை வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டியவர் யார்? நாற்று நடும் பெண். காலையில் சேற்றில் இறங்குகிறவர், இடது கையில் நாற்று முடியோடு பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து நடுகிறார். நிமிர்வது என்பது முடி தீர்ந்து அடுத்த முடி வாங்கும் அந்த ஒரு நொடிதான். வரப்பேறும்போது இரண்டு கையையும் இடுப்பில் கொடுத்துப் பின்னால் வளைந்து "அம்மாடி" என்று ஒரு மூச்சு விடுவார். பிறகு வீட்டுக்குப் போய் அதே இடுப்பில் குடத்தை வைப்பார். உலகக் கணக்கிலும் இடுப்பு வலி ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் மது அருந்துபவர்கள் 18.8 சதவீதம், பெண்களில் 1.3 சதவீதம். வலி ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது, பாட்டில் மறுபக்கம் கூடுதலாக இருக்கிறது. வலிக்கு மருந்தென்று குடிப்பது உண்மையானால் இந்த இரண்டு கணக்கும் இப்படிக் குறுக்காகப் போகாது.

1992இல் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் சாராயக் கடையை மூடச் சொல்லிக் கிளம்பிய பெண்கள் கூலி வேலை செய்தவர்கள்தான். அவர்களுக்கும் இடுப்பு இருந்தது. அந்தத் தீ மாநிலமெங்கும் பரவி 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராய விற்பனை தடையானது. 1995இல் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். 1997இல் அது தளர்ந்தது. இன்றைய நிலை தெரிந்ததுதான்: 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய மதுக் கொள்கை 99 ரூபாய்க்கு ஒரு குவார்ட்டர் கிடைக்க வழிசெய்தது.

அந்தக் குவார்ட்டரைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்றிருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை 'மிதமிஞ்சிய குடி' என்ற கணக்கில் வைக்கிறது. "சும்மா ஒரு குவார்ட்டர்" என்று பேச்சில் வருவது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது.

அது வலியைக் குறைக்கிறதா? குறைக்கிறது. இதை மறைத்துப் பேசினால் டீக்கடை பெஞ்சில் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள், அவர்கள் அனுபவித்த விஷயம் அது. 2017இல் இங்கிலாந்தின் கிரீனிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தை எட்டும்போது வலியின் கடுமை கணிசமாகக் குறைகிறது என்றே முடிவு வந்தது. சரி, 0.08 என்றால் எவ்வளவு? இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. அதற்கு இரண்டரை மடங்குக்கும் மேல் ஏற்றினால்தான் அந்த நிவாரணம். அதுவும் பரிசோதனைக்கூடத்தில், நல்ல உடம்புக்காரர்களுக்கு, சூடோ குளிரோ கொடுத்துப் பார்த்த ஒருவேளை வலிக்கு. மாதக்கணக்கில் படுத்தும் இடுப்பு வலி வேறு சமாசாரம். உடம்பு குடிக்குப் பழகப் பழக அதே மரமரப்புக்கு இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். போதை இறங்கும்போது நரம்புகள் முன்னைவிடக் கூசும். குடித்ததும் தூக்கம் அடித்துப்போட்டாற்போல வருகிறது, ஆனால் பின்னிரவில் அது கலைந்துபோகிறது. தூக்கம் கெட்ட உடம்புக்கு மறுநாள் அதே மூட்டை கூடுதலாக வலிக்கும். சாயங்காலம் பழைய காரணம் புதிதாகத் தயாராக இருக்கும்.

எதிர்ப்பக்கத்துப் பிரசாரத்தையும் இங்கே விட்டுவைக்க முடியாது. "குடிச்சா முதுகெலும்பு அரிச்சுப்போகும்" என்று மேடையில் மிரட்டுகிறவர்கள் உண்டு. மதுவே நேராக இடுப்பு வலியை உண்டாக்குகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த ஷார்லட் லெபூஃப்-ஈட் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு எதுவும் தட்டுப்படவில்லை. 2013இல் வந்த இன்னொரு தொகுப்பு சிறிய தொடர்பு ஒன்றைக் கண்டது, அதுவும் குடிக்கு அடிமையானவர்களிடமும் நாட்பட்ட வலியிலும்தான். குடிகாரரின் இடுப்பு வலிக்கெல்லாம் குடியையே குற்றவாளியாக்கி, "முதல்ல அதை விட்டுட்டு வா" என்று பரிசோதிக்காமலே திருப்பி அனுப்புவதும் அநியாயம்.

மது கெடுதல் செய்வது சுற்றுவழியில். கணையம் வீங்கினால் மேல்வயிற்றில் கிளம்பும் வலி முதுகுக்கு ஊடுருவிப் போகும். முன்னால் குனிந்தால் சற்றே தணியும். நாட்பட்ட கணைய அழற்சிக்கு மது முதன்மையான காரணங்களில் ஒன்று. அந்த வலியை 'வாய்வுப் பிடிப்பு' என்று நினைத்துத் தைலம் தேய்த்து, மேலுக்கு ஒரு கட்டிங்கும் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போகும் நோய் இன்னொன்று. தொடை இடுக்கில் வலிக்கும், நடை சாயும், நோயாளி இடுப்பு வலி என்றே சொல்வார். பெரியவர்களுக்கு அந்த நோய் வருவதற்கு அடிபடுவதைத் தவிர்த்தால் இரண்டு பெரிய காரணங்கள்: மிதமிஞ்சிய மது, ஸ்டீராய்டு மருந்து.

ஸ்டீராய்டு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் "உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டால் கத்தரித்த அட்டைகளிலிருந்து நாலைந்து நிறத்தில் மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். எது எதற்கு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. சில கடைகளில் அந்த உறைக்குள் ஸ்டீராய்டும் இருக்கும். டைக்ளோஃபினாக் அநேகமாக இருக்கும். டைக்ளோஃபினாக் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கக்கூடியது. அதன் மேல் வெறும் வயிற்றில் சரக்கும் விழுந்தால் ரத்தக்கசிவுக்கு வழி. தினம் குடிக்கிறவர் அளவு மீறிப் பாரசிட்டமால் போட்டால் கல்லீரல் தாங்காது. மாத்திரையையும் சரக்கையும் சேர்த்தால் வலி சீக்கிரம் போகும் என்ற நம்பிக்கைதான் இந்த வட்டாரத்தின் உண்மையான கூட்டு மருந்து.

இதுவரை பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குற்றவாளி பீடி.

இடுப்பு வலிக்குக் குடியைச் சந்தேகிக்கிற வீட்டுக்காரர்கள்கூடப் பீடியைச் சந்தேகிப்பதில்லை. புகை போவது நுரையீரலுக்கு, வலிப்பது இடுப்பு, நடுவில் என்ன சம்பந்தம்? சம்பந்தம் டிஸ்க்கில் இருக்கிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் அந்த 'ஜவ்வு', வளர்ந்த மனித உடம்பில் ரத்தக்குழாய் ஓடாத பாகங்களில் மிகப் பெரியது. மேலும் கீழும் உள்ள எலும்பின் விளிம்பு வரை வரும் நுண்குழாய்களிலிருந்து கசிகிற சத்தும் ஆக்சிஜனும்தான் அதற்குச் சாப்பாடு. ஏரிப் பாசனத்தில் கடைமடை வயலின் நிலைமை அது. மேலே யார் மடையை அடைத்தாலும் முதலில் காய்வது அதுதான். நிகோடின் குழாய்களைச் சுருக்குகிறது. புகையோடு உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வருஷங்கள் போகப் போக, பெருந்தமனியிலிருந்து இடுப்புப் பகுதி முதுகெலும்புக்குப் பிரியும் கிளைகளிலும் கொழுப்பு படிகிறது. போதாக்குறைக்குப் புகைக்கிறவரின் இருமல், இருமும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கின் மேல் அழுத்தத்தை ஏற்றுகிறது.

பீடி சிகரெட்டைவிடச் சாது என்பதும் இதே பெஞ்சின் கண்டுபிடிப்பு. இலையில் சுற்றியது, 'இயற்கை' என்ற மயக்கம். பீடிக்குள் இருக்கும் தூள் கொஞ்சம்தான், ஆனால் கிராமுக்குக் கிராம் பார்த்தால் அதில் நிகோடின் சிகரெட்டுத் தூளைவிட அதிகம். இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும், அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். 2016-17 கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் குடிப்பவர்கள் 4 சதவீதம். ஆகவே இந்த நாட்டில் புகையையும் இடுப்பையும் பற்றிய பேச்சு முக்கால்வாசி பீடியைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்க முடியும்.

சான்று என்ன? 2010இல் ஃபின்லாந்தின் ரஹ்மான் ஷிரியும் குழுவினரும் 40 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். புகைக்காதவரோடு ஒப்பிட்டால், புகைக்கிறவருக்கு நாட்பட்ட இடுப்பு வலிக்கான விகிதம் 1.79 மடங்கு, வேலைக்குப் போகவிடாமல் முடக்கும் வலிக்கு 2.14 மடங்கு. விட்டவர்கள் நடுவில் நின்றார்கள்: புகைக்கிறவரைவிடக் குறைவு, ஒருபோதும் தொடாதவரைவிடக் கூடுதல். 2020இல் உலகில் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர் என்று மதிப்பிட்ட பெரிய ஆய்வு, அதனால் வரும் முடக்கத்தில் 38.8 சதவீதத்துக்கு மூன்று காரணங்களைச் சுட்டியது. வேலையில் உடம்பு படும் பாடு, புகை, அதிக எடை. மது அந்தப் பட்டியலில் இல்லை. ஊரில் பழி சுமப்பது பாட்டில், தப்பித்துக்கொள்வது பீடி.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். புகைக்கிறவர்களில் ஏழைகள் அதிகம், சுமை தூக்குகிறவர்கள் அதிகம். வலி இருக்கிறவர்தான் ஒரு தம் கூடப் போடுவார். அப்படியானால் புகையால் வலியா, வலியால் புகையா? மதுவுக்குத் தொடர்பில்லை என்று சொன்ன அதே லெபூஃப்-ஈட் 1999இல் புகையைப் பற்றியும் இதே சந்தேகத்தை எழுப்பினார். பலவீனமான அடையாளம், காரணமென்று சொல்ல முடியாது என்றார். அவருடைய நிதானம் மதிக்கத்தக்கது. ஆனால் வேறு வழிகளில் வந்த சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1991இல் ஃபின்லாந்தில் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் 20 ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் வாழ்நாளெல்லாம் புகைத்தவர், மற்றவர் அநேகமாகத் தொடாதவர். பிறவிக்கூறு ஒன்றேதான். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் புகைத்தவரின் இடுப்பு டிஸ்க்குகளில் தேய்மானம் சராசரி 18 சதவீதம் கூடுதலாக இருந்தது.

தேய்மானம் இருக்கிறவருக்கெல்லாம் வலி வருவதில்லை, அதுவும் உண்மை. அதற்கு மூளைப் பக்கம் ஒரு பதில் உண்டு. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், புதிதாக முதுகு வலி கண்ட 160 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து மூளைப் படம் எடுத்துக் கவனித்தார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. புகைக்கிறவர்களுக்கு அந்த வலி நாட்பட்டதாக மாறும் வாய்ப்பு மூன்று மடங்கு. பழக்கத்துக்கு ஆளாவதிலும் வெகுமதி தேடுவதிலும் வேலைசெய்யும் மூளைப் பகுதிகளின் பிணைப்பு அவர்களிடம் முறுக்கேறி இருந்தது. இடையில் புகையை நிறுத்தியவர்களிடம் அந்தப் பிணைப்பு தளர்ந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் முதுகெலும்புப் பிரச்சினைக்குச் சிகிச்சை பெற்ற 5,333 பேரைப் பார்த்தபோதும் இதே கதைதான். சிகிச்சைக் காலத்தில் புகையை விட்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. விடாதவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

"ஒரு தம் இழுத்தா வலி அடங்குது" என்பதும் அனுபவ உண்மையே. நிகோடினுக்குச் சிறிது நேரம் வலி தணிக்கும் குணம் உண்டு. ஆனால் அந்த நிம்மதியில் பெரும்பங்கு, முந்தின பீடியின் வேகம் இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குவது. பீடியைத் தொடாதவருக்கு அந்தத் தவிப்பே கிடையாது.

அப்புறம் தாத்தா. சுருட்டைக் கடித்துக்கொண்டு எண்பது வயதுவரை மூட்டை தூக்கிய தாத்தா ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார், அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் இந்த விவாதம் முடிவதே இல்லை. அதே சுருட்டோடு ஐம்பதில் படுத்துவிட்டவர்கள் திண்ணைக்கு வந்து சாட்சி சொல்ல முடியாது என்பதால் தாத்தாவின் கட்சிக்கு எப்போதும் வெற்றி.

எலும்பைப் பற்றிப் பேச இந்த வட்டாரத்துக்குத் தனி உரிமை உண்டு. பக்கத்துப் புத்தூரின் எலும்பு முறிவுக் கட்டுக்குச் சென்னையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். மூங்கில் தப்பையானாலும் மாவுக்கட்டானாலும் பிளேட்டானாலும், புகைக்கிறவரின் எலும்பு தாமதமாகத்தான் கூடும். முதுகெலும்புகளை இணைக்கும் அறுவையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 1986இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், எலும்பு சேராமல் போனது புகைக்காதவர்களில் 8 சதவீதம், புகைத்தவர்களில் 40 சதவீதம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி அறுவைக்குப் போகிறவரிடம் வார்டுக்கு வெளியே நின்று "டென்ஷனுக்கு ஒண்ணு" என்று நீட்டும் சொந்தக்காரர், அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொளுத்துகிறார்.

வலிக்கு ஓய்வுதானே மருந்து, குடித்துவிட்டுப் படுத்தால் ஓய்வுதானே என்றும் ஒரு வாதம் உண்டு. நாகலாபுரத்தை அடுத்த சுருட்டப்பள்ளியில் ஆலகாலம் உண்ட சிவன் பார்வதியின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். நஞ்சுண்டவர் படுக்கலாம். சாதாரண இடுப்புப் பிடிப்புக்குப் படுக்கை உதவாது. 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், படுத்துக் கிடந்தவர்களைவிட முடிந்த அளவு நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

வலியை மரத்துப்போகச் செய்து தள்ளிப்போடுவதில் இந்த நாட்டில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. முதுகெலும்பில் வரும் காசநோய். புகையும் மிதமிஞ்சிய மதுவும் காசநோய்க்கு வாசல் திறப்பவை. சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குதல், ராத்திரியில் எழுப்பும் முதுகு வலி என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும் நோய் அது. மாத்திரையாலேயே, நடமாடிக்கொண்டே குணமாக்க முடியும் என்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. ஆனால் தண்டுவடம் நசுங்குவதற்கு முன்னால் ஆள் வந்து சேர வேண்டும். தினமும் குவார்ட்டரால் அமுக்கப்படும் வலிக்கு அவரை ஆஸ்பத்திரிக்குத் துரத்தும் வேகம் இருக்காது. கால் மரத்தல், சிறுநீர் மலம் கட்டுக்குள் நில்லாமை வந்தபின் ஓடினால் காலம் கடந்திருக்கும்.

மேற்கே குடியாத்தம் பக்கம் போனால் அந்தப் பீடி எங்கே பிறக்கிறது என்று பார்க்கலாம். சுவரில் சாய்ந்து மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊறிய இலையைக் கத்தரிப்பது, தூளை வைப்பது, உருட்டுவது, முனையை மடித்து நூல் கட்டுவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தலை குனிந்தபடியே பகல் போகும். எழுந்திருக்கும்போது அவர்களும் கையை இடுப்பில்தான் வைக்கிறார்கள். மூட்டைக்காரரின் இடுப்பு வலிக்கு மருந்தாக வரும் பீடிக் கட்டு, இன்னோர் இடுப்பு வலியைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பி வருகிறது.

அப்படியானால் சுமை தூக்குகிறவரின் வலி பொய்யா? இல்லை, அந்த வலிதான் இதில் மறுக்க முடியாத உண்மை. மறுக்கப்படுவது, அந்த வலிக்கு ஊர் காட்டும் தீர்வு. தினம் 99 ரூபாய் என்றால் வருஷத்துக்கு சுமார் 36,000 ரூபாய். தன் கூலியிலிருந்து தொழிலாளியே வாங்கிக்கொள்ளும் இந்த மருந்து, மேஸ்திரிக்கும் வியாபாரிக்கும் காசு செலவில்லாத ஏற்பாடு. அரசுக்கோ வருமானம். மூட்டையின் எடையைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

ஆள் தூக்கும் சுமைக்கு 55 கிலோ என்ற வரம்பை உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. ஆந்திரத்து வியாபாரத்தில் நெல் மூட்டை என்றால் இன்றும் 75 கிலோ கணக்கு. யூரியா மூட்டை மட்டும் 2018இல் 50 கிலோவிலிருந்து 45க்கு இறங்கியது. விவசாயி உரத்தைக் குறைத்துப் போடட்டும் என்பதற்காக எடுத்த முடிவு அது, தூக்குகிறவரின் இடுப்பை யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் மூட்டையின் எடை ஓர் உத்தரவில் மாறக்கூடியது என்பது அதில் வெளிப்பட்டுவிட்டது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பமாகத்தான் பிடிக்கிறார்கள். உழைக்கிற உடம்புமேல் உண்மையாகவே பரிவு கொண்டவர்கள் குவார்ட்டருக்கு நியாயம் தேடுவதை நிறுத்திவிட்டு, மண்டிக்குப் போய் 75ஐ 40 ஆக்கச் சொல்லிக் கேட்கலாம்.